பனிக்காலம் யாருக்குப் பிடிக்கும்?

"உனக்கு எந்தப் பருவகாலம் மிகவும் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால், சிங்கப்பூரில் வளர்ந்த ஒருவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். வெயில் பிடிக்குமா, மழை பிடிக்குமா என்று கேட்டால் விடை சொல்லிவிடலாம். பருவகாலம் என்றால்? நம் தீவு நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே பத்து நிமிட வேறுபாடுகூட இல்லை. இந்நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி செல்சியஸ். அதுவும் 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். 2018 ஜனவரியில் தொடர்மழையால் வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இறங்கியபோது பலர் அலமாரியின் அடியில் கிடந்த குளிராடைகளைத் தேடி எடுத்தனர். திரையரங்கின் குளிர்சாதனத்தை விட்டால் நமக்குக் குளிரோடு அவ்வளவாகப் பழக்கம் இல்லை.

ஆனால் நம் மொழிக்குப் பருவங்கள் தெரியும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகத் தமிழர் பிரித்தனர். மழைக்கு ஒன்று, மழையோடு வரும் குளிருக்கு ஒன்று, பனிக்கு இரண்டு, வெயிலுக்கு இரண்டு. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மாலை சாய்ந்ததும் விழும் பனி வேறு, விடியற்காலையில் விழும் பனி வேறு என்று பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பனியில் நடந்து வயலுக்குப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பருவத்தை நம்பி வாழ்பவர்களே அதை நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

எனினும் தமிழ்நாட்டுச் சமவெளியின் பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. காலை ஒன்பது மணிக்குள் மறைந்துவிடும். பனி மாதக்கணக்கில் நிலத்தை மூடிக் கிடக்கும் நாடுகளில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? அந்தக் காலத்தை அவர்கள் வெறுக்கிறார்களா, விரும்புகிறார்களா? நார்வே நாட்டின் வடபகுதியைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைக்கின்றன.

சூரியன் விடுப்பில் போகும் ஊர்

டிரொம்சோ நகரம் ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், ஒரு தீவின் மீது அமைந்திருக்கிறது. மக்கள் தொகை 80,000-ஐ நெருங்குகிறது. பல்கலைக்கழகம், விமான நிலையம், பெரிய மருத்துவமனை எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றுதான். நவம்பர் 21-ஆம் தேதி வாக்கில் மறையும் சூரியனை அந்த ஊர்மக்கள் மறுபடியும் காண்பது ஜனவரி 21-ஆம் தேதி வாக்கில்தான். இரண்டு மாதங்கள் சூரியன் தொடுவானத்திற்கு மேலே எழுவதே இல்லை.

காரணம் நாம் அறிவியல் பாடத்தில் படித்ததே. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் வடதுருவம் சூரியனுக்கு எதிர்ப்புறம் சாய்ந்து நிற்பதால் உச்சியில் இருக்கும் ஊர்களுக்கு ஒளி எட்டுவதில்லை. கணக்குப்படி பார்த்தால் டிரொம்சோவில் சூரியன் ஜனவரி நடுப்பகுதியிலேயே தொடுவானத்தைத் தொட்டுவிடும். ஆனால் தெற்கே நிற்கும் மலைகள் அதை மேலும் சில நாள் மறைத்துக்கொள்கின்றன. கோடையில் நிலைமை தலைகீழ். மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஜூலைப் பிற்பகுதிவரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் கால்பந்து விளையாடலாம்.

சூரியன் எழாத இரண்டு மாதங்களும் கும்மிருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் தொடுவானத்திற்குக் கீழிருந்தே சூரியன் வானத்திற்கு ஒளியூட்டுகிறது. அப்போது பனிமலை, கடல், தெரு எல்லாவற்றின் மீதும் ஒரு மெல்லிய நீலம் படர்கிறது. தெற்கு வானம் இளஞ்சிவப்பாகிறது. பிறகு மறுபடியும் இரவு. மேகம் இல்லாத இரவுகளில் பச்சை நிறத்தில் துருவ ஒளி அலைகிறது. அதைக் காணவே உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகிறார்கள். ஊர்மக்களோ பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

குளிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு வடக்கே இருந்தும் டிரொம்சோவின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே மூன்று நான்கு டிகிரிதான். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் நார்வேயின் கரை நெடுக வடக்கு நோக்கிப் பாய்வதே காரணம். அதனால் துறைமுகம் உறைவதில்லை. ஆனால் அதே கடல் ஈரத்தையும் கொண்டுவருவதால் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் நகரில் தரைமீது கிடந்த பனியின் உயரம் 240 சென்டிமீட்டர். நம் வீட்டுக் கூரையை எட்டிப்பிடிக்கும் உயரம் அது. கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனால் கதையே வேறு. அங்குள்ள காரஷோக் என்ற ஊரில் 1886 ஜனவரி முதல் நாளன்று உறைநிலைக்குக் கீழே 51.4 டிகிரி பதிவானது. நார்வேயில் அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிர் அதுதான்.

ஓட்டைச் சட்டையின் வெப்பம்

கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, பொருந்தாத உடைதான் உண்டு என்ற பொருளில் நார்வே மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. அதைப் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லாத நாள் இராது போலும். உடை அணிவதை அங்கே கிட்டத்தட்ட ஒரு கல்வியாகவே கருதுகிறார்கள்.

கனமான ஒரே மேலாடையைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நாம் நினைப்போம். அது தவறு. உடலைச் சூடாக வைத்திருப்பது துணி அன்று. துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே. ஆகவே அவர்கள் அடுக்கடுக்காக உடுத்துகிறார்கள். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஒரு மேலங்கி. உள்ளே பருத்தி அணிய மாட்டார்கள். நம் வெயிலுக்கு உகந்த பருத்தி அங்கே எதிரி. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். நடப்பதை நிறுத்தியதும் அந்த ஈரம் உடல் வெப்பத்தை எல்லாம் இழுத்துவிடும். கம்பளியோ ஈரமானாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

இந்த உண்மையை வியப்பான வகையில் பயன்படுத்தியவர் ஹென்ரிக் புருன் என்ற நார்வே இராணுவ அதிகாரி. 1933-ஆம் ஆண்டில் அவர் மீன்பிடி வலையை வெட்டித் தைத்து உள்சட்டை ஒன்றைச் செய்தார். முழுவதும் ஓட்டைகள்! அதைப் போட்டுக்கொண்டு குளிரில் போவதா என்று கேட்கத் தோன்றும். அந்த ஓட்டைகளுக்குள் காற்று தங்குகிறது; மேலே இன்னோர் ஆடையை அணிந்ததும் அந்தக் காற்று வெளியேற வழியின்றிச் சூடாகிவிடுகிறது. வியர்வையும் எளிதில் உலர்ந்துவிடும். அதே வகை வலைச் சட்டைகளை மலையேறுவோரும் வீரர்களும் இன்றும் அணிகிறார்கள்.

உடை சரியாக இருந்தால் வீட்டுக்குள் முடங்க வேண்டிய தேவை இல்லை. கைக்குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்து தள்ளுவண்டியில் வைத்து வெளியே, பனிக்கு நடுவிலேயே பகல் தூக்கம் தூங்க விடுவது அங்கே வெகு இயல்பு. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களின் முற்றத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் பள்ளி இடைவேளையில் பனியில் உருள்வார்கள். ஊரைச் சுற்றிப் பனிச்சறுக்குப் பாதைகள் உண்டு. இருட்டுக் காலத்திற்காக அவற்றில் விளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து மாலையில் சறுக்கிக்கொண்டே ஒரு சுற்றுப் போய்வருவது நாம் பூங்கா இணைப்புப் பாதையில் மெதுவோட்டம் ஓடுவது போலத்தான்.

மேலங்கியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு பட்டைகள் தொங்கும். இருட்டில் வாகன ஓட்டிகளின் கண்ணில் பட அது உதவும். காலணிக்கு அடியில் இரும்பு முட்கள் கொண்ட பட்டையை மாட்டிக்கொள்வார்கள். வடநார்வேயில் அக்டோபர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதிவரை கார்களுக்கு ஆணி பதித்த சக்கர உறைகளைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. டிரொம்சோவில் மலையைக் குடைந்து நிலத்தடியில் சாலைகள் போட்டிருக்கிறார்கள். வாகன நிறுத்துமிடங்களும் வட்டச் சந்திப்புகளும்கூடப் பாறைக்குள்ளேயே இருக்கின்றன.

வீடுகளின் சன்னல் ஓரங்களில் மெழுகுவத்திகளும் சிறு விளக்குகளும் எரியும். சுடுபானம், கம்பளிப் போர்வை, நண்பர்கள், அணைந்துபோகாத பேச்சு எல்லாம் சேர்ந்த அந்த இதத்தை நார்வே மொழியில் 'கூசெலி' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் அதற்கு நிகரான சொல் உடனே நினைவுக்கு வரவில்லை. மழை நாளில் வீட்டுக்குள் அமர்ந்து சூடான வடையைக் கடிக்கும்போது நமக்குத் தோன்றும் உணர்வு அதற்கு மிக அருகில் வரும்.

மனமும் இருளும்

இதனால் எல்லாருக்கும் பனிக்காலம் இனிக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. வெளிச்சம் குறைவது உடலைப் பாதிக்கும். நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை ஒளி கண்ணில் படும்போது அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஒளி இல்லாவிட்டால் எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று உடல் தடுமாறுகிறது. வடநார்வேயில் குளிர்காலத்தில் உறக்கமின்மையால் துன்புறுவோர் பலர்.

நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். 1976-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு, குளிர்காலம் வந்தால் தமது ஊக்கம் குறைவதையும் வேனில் வந்ததும் அது திரும்புவதையும் கவனித்தார். வெயில் நாட்டிலிருந்து வந்த அவருக்குத்தான் அது உறைத்தது. அவரும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் இதைப் பருவகால மனச்சோர்வு என்ற நோயாக விளக்கி எழுதினர். மிகையான தூக்கம், இனிப்பு மீதும் மாவுப்பண்டம் மீதும் ஏக்கம், யாரையும் பார்க்கப் பிடிக்காமை ஆகியவை இதன் அறிகுறிகள். காலையில் அரைமணி நேரம் மிகப் பிரகாசமான சிறப்பு விளக்கின் முன் அமர்வது இதற்கான சிகிச்சைகளுள் ஒன்று. ஆகவே குளிர்நாட்டில் ஒருவர் "எனக்குப் பனிக்காலம் ஒத்துவரவில்லை" என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது அநியாயம். வெளிநாட்டில் படிக்கப்போகும் நம் மாணவர்களும் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

2014-இல் காரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் டிரொம்சோவுக்கு வந்தார். இவ்வளவு இருளில் வாழும் மக்களிடையே மனச்சோர்வு எதிர்பார்த்த அளவுக்குப் பெருகாமல் இருப்பது ஏன் என்று அறிய விரும்பினார். ஆனால் ஊர்மக்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஏன் சோர்வடைய வேண்டும், சறுக்கலாம், நெருப்பின் அருகே அமரலாம், நீல ஒளியைப் பார்க்கலாமே என்ற தோரணையில் அவர்கள் பேசினார்கள். எனவே அவர் தம் கேள்வியை மாற்றிக்கொண்டார். பனிக்காலத்தை மக்கள் எப்படிப்பட்ட பார்வையோடு எதிர்கொள்கிறார்கள் என்று அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். நார்வேயின் தெற்கு, வடக்கு, இன்னும் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் ஆகிய இடங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, வடக்கே போகப்போகப் பனிக்காலம் பற்றிய நல்லெண்ணம் கூடியது. குளிரும் இருளும் மிகுந்த இடத்தில்தான் அதை விரும்புவோரும் மிகுதி! அவ்வாறு விரும்புவோர் தம் வாழ்க்கையிலும் கூடுதல் மனநிறைவு கொண்டிருந்தனர். 2020-இல் இந்த ஆய்வு வெளியானது.

இனிமையான முடிவுதான். எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. இருளைத் தாங்க முடியாதவர்கள் முன்பே தெற்கே குடிபெயர்ந்திருக்கலாம் அல்லவா? எஞ்சியிருப்பவர்களைக் கேட்டால் பிடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். மனப்பாங்கு மகிழ்ச்சியைத் தருகிறதா, மகிழ்ச்சியாக இருப்பவருக்கு அந்த மனப்பாங்கு எளிதில் வாய்க்கிறதா என்பதை ஒரு வினாப்பட்டியலால் தீர்த்துவிட முடியாது. அதோடு, நல்ல கம்பளியும் சூடான வீடும் உள்ள ஒருவர் பனியை ரசிப்பதற்கும், அவை இல்லாத ஒருவர் ரசிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

டிரொம்சோ மக்களே சூரியனை மறந்துவிட்டவர்கள் அல்லர். ஜனவரி 21-ஆம் தேதி அங்கே சூரிய நாள். சூரியன் திரும்புவதைப் பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். அன்று எண்ணெயில் பொரித்த உருண்டையான இனிப்பு ரொட்டிகளை வாங்க அடுமனைகளில் கூட்டம் நிற்கும். நாம் பொங்கல் வைத்துக் கதிரவனுக்கு நன்றி சொல்லி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

குளிர் காயவைக்கும் மீன்

பிடிப்பதும் பிடிக்காததும் மனத்தில் மட்டும் இல்லை, கைத்தொழிலிலும் இருக்கிறது. டிரொம்சோவுக்குத் தென்மேற்கே லொஃபோட்டன் தீவுகள் உள்ளன. வடக்கே பேரன்ட்ஸ் கடலில் வாழும் காட் மீன்கள் முட்டையிடுவதற்காக ஜனவரி முதல் ஏப்ரல்வரை கூட்டங்கூட்டமாக இங்கே வருகின்றன. ஆண்டின் மிகக் கடுமையான மாதங்கள்தாம் அந்தத் தீவுகளின் அறுவடைக் காலம். வேனிலில் வாருங்கள் என்று மீனிடம் சொல்ல முடியுமா? அதனால் பல நூற்றாண்டுகளாக வடநார்வே ஆண்கள் இருட்டிலும் புயலிலும் படகேறி அங்கே போனார்கள். திரும்பாதவர்களும் உண்டு.

பிடித்த மீனைப் பதப்படுத்தும் முறைதான் அழகு. குடலும் தலையும் நீக்கிய மீன்களை வாலோடு வாலாக இரண்டிரண்டாகக் கட்டி, ஆளுயரத்திற்கு மேற்பட்ட மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு இல்லை, புகை இல்லை. பிப்ரவரியிலிருந்து மே மாதம்வரை குளிர்காற்றே அவற்றை உலர்த்துகிறது. நம் கருவாட்டுக்கு வெயிலும் உப்பும் வேண்டும். அவர்கள் 'கருவாட்டுக்கு' உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும். அந்தக் குளிரிலும் அளவு உண்டு. மிகுந்து உறைந்துவிட்டால் சதை கெட்டுவிடும். குறைந்து சூடாகிவிட்டால் ஈ மொய்க்கும். லொஃபோட்டனின் பின்குளிர்காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்பதால்தான் அங்கே இந்தத் தொழில் வளர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளாக இந்த உலர்மீன் ஏற்றுமதியாகிறது. இன்று இத்தாலியர் விரும்பி வாங்குகிறார்கள். நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது நிவாரண உணவாக வந்து, இன்று அந்நாட்டுக் குழம்புகளில் நீங்கா இடம் பெற்றுவிட்டது. வெட்டி எறிந்த தலைகளைக்கூடக் காயவைத்து அங்கே அனுப்புகிறார்கள்.

அந்தத் தலைகளிலிருந்து நாக்கை அறுத்தெடுக்கும் வேலை பிள்ளைகளுடையது. பள்ளி விட்டதும் மாணவர்கள் நெகிழி மேலாடை அணிந்து கத்தியோடு மீன்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். நாக்கு அங்கே ஒரு சுவையான உணவு. விற்ற பணம் பிள்ளைகளுக்கே. கோடையில் விளையாட்டு, பனிக்காலத்தில் சம்பாத்தியம். அந்தப் பிள்ளைகளிடம் எந்தப் பருவம் பிடிக்கும் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று ஊகிக்கலாம்.

எட்டுப் பருவங்கள்

வடநார்வேயின் உள்நாட்டுப் பகுதியில், அந்த 51 டிகிரிக் குளிர் பதிவான பீடபூமியில், சாமி இனத்தவர் வாழ்கிறார்கள். நம் காதுக்கு வேறு பொருள் தரும் பெயர்தான். அவர்கள் மொழியில் அது அவர்கள் இனத்தின் பெயர். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதிகளிலும் பரவியிருக்கும் பழங்குடியினர் அவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் துருவ மான்களை மேய்த்து வாழ்கிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாக நாம் படங்களில் பார்க்கும் மான்கள்தாம் அவை.

தமிழருக்கு ஆறு பருவங்கள் என்றால் சாமியருக்கு எட்டு. குளிர்காலம், வசந்தக் குளிர், வசந்தம், வசந்தக் கோடை, கோடை, இலையுதிர்க் கோடை, இலையுதிர்காலம், இலையுதிர்க் குளிர் என்று ஒரு பருவம் இன்னொரு பருவமாக மாறும் இடைக்காலத்திற்கும் தனிப்பெயர் உண்டு. ஒவ்வொன்றையும் பிரித்தவை மான்களே. வசந்தக் குளிரில் நாள் நீள்கிறது, பனியின் மேற்பரப்பு இரவில் இறுகி நடக்க வசதியாகிறது. மந்தை உள்நாட்டிலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும். மே மாத வசந்தத்தில் கன்றுகள் பிறக்கும். கோடையில் கன்றுகளைப் பிடித்து உரிமையாளர் தத்தம் அடையாளத்தைக் காதில் வெட்டுவார்கள். இலையுதிர்க் குளிரில் மறுபடியும் உள்நாட்டுக்குத் திரும்பும் பயணம்.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழும். கடற்கரையில் குளிர் குறைவு. உள்நாட்டில் உறைநிலைக்குக் கீழே 30, 40 டிகிரி. அப்படியிருக்கக் குளிர்காலத்தில் எதற்காக உள்நாட்டுக்குப் போக வேண்டும்? எதிர்மாறாக அல்லவா செய்ய வேண்டும்?

விடை பனிக்கு அடியில் இருக்கிறது. துருவ மான் குளிர்காலத்தில் உண்பது பெரும்பாலும் லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசியும் ஒருவகை லைக்கன்தான். தரையில் வளரும் அதைப் பனி மூடியிருக்கும். மான் மோப்பம் பிடித்து, முன்னங்குளம்பால் பனியைத் தோண்டி அதை மேயும். பனி பொடிப்பொடியாக, சர்க்கரை போல் உதிரியாக இருந்தால் தோண்டுவது எளிது. அப்படிப்பட்ட பனி கிடைப்பது உலர்ந்த கடுங்குளிரில்தான். கடலோரத்தின் இதமான குளிரில் பனி நனையும், பிறகு உறையும், கல்லாகும். ஆகவே மேய்ப்பவருக்குக் கடுங்குளிர் நண்பன். தமிழில் நாம் பனித்துளிக்கும் பனிமூட்டத்திற்கும் வெண்பனிக்கும் 'பனி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகிறோம். நமக்கு அது போதும். சாமி மொழியிலோ பனியின் தன்மையைக் குறிக்க எத்தனையோ சொற்கள் உள்ளன. பனியைத் தோண்டி மேயத்தக்க நிலை இருக்கிறதா என்பதைக் குறிக்கவே 'குவொஹ்துன்' என்று ஒரு சொல் இருக்கிறது. குளிர்காலத்தில் மேய்ப்பவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் விசாரிப்பது அதைப் பற்றித்தான்.

அவர்கள் அஞ்சுவது மழையை. நவம்பரிலோ ஜனவரியிலோ திடீரென்று சூடேறி மழை பெய்தால், அந்த நீர் பனிக்குள் இறங்கி, மறுபடியும் குளிர் வந்ததும் தரைமீது கண்ணாடி போல் உறைந்துவிடும். லைக்கன் அடியிலேயே இருக்கும்; மான் அதன் வாசனையைக்கூட அறியாது, அறிந்தாலும் குளம்பால் உடைக்க முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் நெனெத்ஸ் என்ற வேறோர் இனத்தவர் இதே மான்களை மேய்க்கிறார்கள். அங்கே 2013 நவம்பரில் பனிமீது பெய்த மழை இப்படித்தான் உறைந்தது. அதைத் தொடர்ந்த மாதங்களில் ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் இறந்தன. பல குடும்பங்கள் மந்தையே இல்லாதவர்களாயின.

இத்தகைய மழை முன்பு அரிது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வந்திருக்கிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டனர். குளிர் குறைந்தால் குளிர்நாட்டாருக்கு நல்லதுதானே என்று வெளியூரில் இருந்து பார்ப்பவர் எண்ணலாம். நகரத்தில் வாழ்பவருக்கு ஒருவேளை அப்படியும் இருக்கலாம். பனியை அள்ளும் வேலை குறையும், மின்கட்டணம் இறங்கும். லொஃபோட்டனில் மீன் காயவைப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். மான் மேய்ப்பவர் சொல்லவே மாட்டார்.

மேய்ச்சல் நிலம் பூட்டிக்கொண்டால் செய்யக்கூடியவை சிலவே. பனிக்கட்டி படியாத வேறிடம் தேடி மந்தையை ஓட்டிப்போகலாம். ஆனால் பக்கத்து நிலம் இன்னொரு குடும்பத்தின் மேய்ச்சலாக இருக்கும், அல்லது அங்கே சுரங்கமோ சாலையோ காற்றாலையோ வந்திருக்கும். இல்லையென்றால் தீவனம் வாங்க வேண்டும். பனி வண்டிகளில் வைக்கோலையும் தீவனக் குருணைகளையும் ஏற்றிப்போய்ப் பனிமீது கொட்டுகிறார்கள். தீவனம் விலை அதிகம். லைக்கனுக்குப் பழகிய மானின் வயிறு அதைச் செரிக்கவும் நாளாகும். சில மான்கள் தீவனத்தின் அருகிலேயே நோயுற்று விழுவதும் உண்டு. அதனால் இலையுதிர்க் குளிர் தொடங்கும்போது மேய்ப்பவர்கள் வானிலை அறிக்கையில் முதலில் தேடுவது உறைநிலைக்குக் கீழே போகும் எண்ணை. முதல் பனி விழுந்த பிறகு மழை வராமல், குளிர் அப்படியே நிலைத்து நிற்குமா என்று பார்க்கிறார்கள். நின்றுவிட்டால் நிம்மதியாகப் பனிச்சறுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மந்தையின் பின்னே கிளம்பிவிடுகிறார்கள்.